அரைப் பக்க முதலியார்

மார்ச் 4, செவ்வாய்

வெயில். காற்று இல்லை. மேற்குப் பார்த்த பல்கனியில் பின்னேரம் வடகம் காயப் போடலாம், மனிதர் இருக்க முடியாது.

செய்ய வேண்டியவை: காஸ் சிலிண்டர். பிரஷர் குளிசை. லிஃப்ட் பற்றிக் குடியிருப்புக் கமிட்டிக்குக் கடிதம் (நாலாவது. முதல் மூன்றும் நல்ல பகிடி என்று செயலாளர் பாராட்டினார். லிஃப்ட் அப்படியே.)

காலை ஆறரைக்கு ரொறன்ரோவிலிருந்து சுகிர்தா அக்கா. பெரியப்பாவின் மகள், அறுபத்தெட்டு வயது, நலம் விசாரிக்கும் பழக்கம் இல்லை. இனி சு.அ.

“நேசன், எழும்பிட்டியோ?”

“இப்பதான் எழும்பினனான்.”

“நல்லது. முதலியாருக்கு ஒரு ஆதாரம் வேணும்.”

விஷயம் இதுதான். அவருடைய மகள் தர்ஷிக்குப் போன மாதம் இருபதாம் திகதி ஆண் குழந்தை. இந்த மாதம் 22 முப்பத்தோராம் நாள். துடக்குத் தீட்டுக் கழிவு, பெயர் வைப்பு, நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. எங்கள் பூட்டனார் தில்லைநாத முதலியாரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று சு.அ. ஒற்றைக்காலில். தர்ஷி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று ஒரு கடதாசி காட்டினால் சம்மதம், இல்லாவிட்டால் தன் விருப்பம்.

“நீதானே அங்க கொழும்பில சும்மா இருக்கிறாய்” என்றார். இன்சூரன்ஸ் கந்தோரில் உழைத்துத் தேய்ந்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அதற்குக் குடும்பத்தில் வழங்கும் பெயர் சும்மா.

முதலியாரைப் பற்றித் தெரிந்தவை:
பெயர். கொழும்புத் துறைமுகத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், ஆங்கிலம், மூன்றிலும் எழுதுவார். அவர் உள்ளே வந்தால் துரை எழும்பி நிற்பார். அவர் பேனா எடுத்தால் காற்றும் கைகட்டி நிற்கும்.

தெரியாதவை: எப்போது பிறந்தார், எப்போது செத்தார், யாரைக் கட்டினார், எங்கே இருந்தார், கறுப்பா சிவப்பா.

எல்லாரும் சொல்லுகிறார்கள். முதலில் சொன்னது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. துப்புத் துலக்கும் ஆசை இப்போதே விரல்நுனியில்.

மார்ச் 5, புதன்

பதிவாளர் கந்தோர். முதலியாரின் மகன், அதாவது எங்கள் அப்பப்பா செல்லையா, பிறந்தது கொட்டாஞ்சேனையில் என்று அவருடைய பென்ஷன் கடதாசியில் இருக்கிறது. அவருடைய பிறப்புப் பதிவைப் பிடித்தால் தகப்பன் பெயர் தானே வரும்.

வரிசை. முன்னால் நின்ற பெரியவரின் முதுகு ஈரம் என் சேட்டுக்கும் வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளையிடம் என்னுடைய மிகச் சிறந்த சிங்களத்தில் விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுத் தமிழில், “ஃபோர்ம நிரப்புங்கோ அங்கிள்” என்றாள்.

நிரப்பினேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் தில்லைநாத முதலியார் என்று பெரிய எழுத்தில், அடியில் ஒரு சுழியோடு.

வீட்டில் வசந்தி (இனி வ.) சுவரில் தொங்கும் அப்பப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டே, “இஞ்சாருங்கோ, இதில க. செல்லையா எண்டெல்லோ கிடக்கு. தகப்பன் தில்லைநாதர் எண்டால் தி. வரவேணுமே?”

“க. எண்டால் கௌரவ.”

வ. என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

மார்ச் 6, வியாழன்

வெற்றி. வெற்றி. வெற்றி.

நூலகத்தில் ஊர் வரலாறுகள் அடுக்கியிருக்கும் அலுமாரி. தும்மல் பதினொன்று. எங்கள் ஊரைப் பற்றி இளைப்பாறிய அதிபர் ஒருவர் எழுதிய தடித்த புத்தகம், “ஊருக்குப் பெருமை சேர்த்தோர்” என்ற அதிகாரம், பக்கம் 112. எழுத்துக்கெழுத்து: “தில்லைநாத முதலியார் கொழும்புத் துறைமுகத்தில் மும்மொழிப் புலமையோடு விளங்கினார். அவர் பேனா எடுத்தால் காற்றும் கைகட்டி நிற்கும்.”

எழும்பி நின்று இன்னொரு தரம் வாய்விட்டு வாசித்தேன். அச்சில் எங்கள் பூட்டனார். அருகில் ஏஎல் படிக்கிற பிள்ளைகள் இரண்டு என்னைப் பார்த்துச் சிரித்தன. பரவாயில்லை, அவர்களுக்கு முதலியார் இல்லை.

ஃபோனில் படம் எடுத்து அங்கிருந்தே சு.அ.வுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் பதில்: “சொன்னனான் தானே.” பிறகு: “கேக்குக்குப் பேர் குடுத்திட்டன்.”

வரும் வழியில் காலி வீதியில் ஒரு வடையும் பிளேன்டீயும், முதலியாரின் நினைவாக.

மார்ச் 7, வெள்ளி

தர்ஷி குரல் அனுப்பியிருந்தாள். குழந்தை பின்னால் பூனைக்குட்டி மாதிரி. மூன்று தரம் கேட்டேன்.

“மாமா, அம்மா ஃபோட்டோ காட்டினவா. ப்ரூஃப் எண்டு வந்தால் சரி எண்டு நான்தான் சொன்னனான், அதால இனி ஒண்டும் கதைக்க ஏலாது. ஆனால் ஒண்டு சொல்லவோ? வயித்தில இருக்கேக்க நானும் பிரவீனும் கதிர் எண்டுதான் கூப்பிட்டனாங்கள். இப்பவும் ஆக்கள் இல்லாத நேரம் அப்பிடித்தான் கூப்பிடுறன். கதிர் எண்டால் திரும்பிப் பார்க்கிறான் மாமா. சரி, பரவாயில்லை. முதலியாரும் நல்ல ஆள்தானே?”

நல்ல ஆள்தான் என்று எழுதி அனுப்பினேன். ஒரு பெருவிரல் படமும் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

பிறந்து இரண்டு கிழமையான பிள்ளை எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கும். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

காலை: பாரை மீன். மத்தியானம்: பேரிடி.

வ. என் ஃபோனில் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கீழ சின்ன எழுத்தில என்னவோ கிடக்கு.”

அடிக்குறிப்பு. நான் வாசிக்காதது. மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசித்தேன். “ஆதாரம்: அமரர் செல்லையா பாலசிங்கம் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்.”

அமரர் செல்லையா பாலசிங்கம் என்றால் என் அப்பா.

செத்த வீட்டின் முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். தேவாரம், வம்ச வரலாறு, பேரப்பிள்ளைகளின் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். பேச்சில் அதைக் கல்வெட்டு என்போம். சொந்தத்தில் யார் போனாலும் கல்வெட்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருபோதும் கோவில் வாசல் மிதியாதவரைச் சிவப்பழமாக்குவேன், பெண்சாதியோடு பதினைந்து வருடம் கதையாதவரை இல்லறச் செம்மலாக்குவேன். இதுவரை ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. 

அலுமாரியின் அடித்தட்டில் இருந்து அப்பாவின் கல்வெட்டை எடுத்தேன். இருபத்துநாலு வருடம். பதினாறாம் பக்கம், கீழ்ப்பாதி. காற்றும் கைகட்டி நிற்கும். இந்த மாதிரி வரியை உலகத்தில் ஒருவன்தான் எழுதுவான், அவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். பெரியப்பா சொல்லியிருப்பார். ஊரில் யாராவது. நினைவில் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

“அச்சடிச்ச மனிசன் உயிரோட இருக்கிறாரோ?” என்று வ. கேட்டாள். மூளை இந்த வீட்டில் அவளிடம்.

மார்ச் 10, திங்கள்

கொட்டாஞ்சேனை. கோட்டை வரை பஸ், பிறகு முச்சக்கரம். சாரதி வழி முழுக்கச் சிங்களத்தில் கிரிக்கெட், நான் வழி முழுக்க ஆமாம் போட்டு “ஒவ், ஒவ்.”

அச்சகம் அப்போது வெள்ளவத்தையில் இருந்தது. மூடிப் பல வருடம். அச்சகக்காரர் அந்தோனிப்பிள்ளை அண்ணை இப்போது மகளுடன் இங்கே, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில். எண்பது தாண்டியும் காது கூர்மை. அப்பாவின் கல்வெட்டைக் கையில் கொடுத்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை, முதலில் கடதாசியைத் தடவிப் பார்த்தார்.

“நம்ம வேலைதான். இது யாரு எழுதினதுன்னா கேக்குறீங்க? நீங்கதானே எழுதினீங்க தம்பி.”

“எழுதினது நான்தான் அண்ணை. எனக்கு ஆர் சொன்னது எண்டுதான் தெரிய வேணும்.”

“யாரும் சொல்லல்ல. பதினாறு பக்கம் புக்கு. மடிச்சு வெட்டினா பதினாறுதான் வரும். மேட்டர் பதினஞ்சரை வந்திச்சு. அரைப் பக்கம் வெள்ளையா நின்னிச்சு. பிள்ளையார் படம் போட்டுறலாம்னு நான் சொன்னேன். நீங்க, பொறுங்கண்ணே, வெள்ளை விடக்கூடாதுன்னு சொல்லி ஸ்டூல்ல உக்காந்தீங்க. ஒரு பிளேன்டீ ஆறல்ல. முதலியார் ரெடி.”

“பேர்?”

“அதுவும் நம்ம வீட்டுதான். மெஷின்ல நின்ன பையன் மை பத்தல்லன்னு கத்தினான். நான், ‘தில்லைநாதா, இரு, வாறேன்’ன்னு சொன்னேன். நீங்க குனிஞ்சு எழுதிட்டீங்க.” இருமிச் சிரித்தார். “அவன் இப்ப ராகமையில கோழிக்கடை வச்சிருக்கான்.”

மகள் கேக் கொண்டு வந்தாள். மென்றேன். நன்றி சொல்லி எழும்பினேன்.

பஸ்ஸில் எல்லாம் மெதுவாக வந்தது. அந்த ஸ்டூல். அந்த மை மணம். அப்பா போய் நாலு கிழமை. நான் அழவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். பதினைந்தரைப் பக்கம் எழுதின பிறகும் அப்பா ஏதோ சின்னவராகத்தான் தெரிந்தார். அவருக்கு ஒரு பெரிய பாட்டனாரைக் கொடுத்தேன் போல. கொடுத்தவனே பிறகு நம்பிவிட்டேன். பொய் சொல்லுகிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பார்கள். எனக்கு அது இல்லாததால் உண்மையாளனாகவே வாழ்ந்துவிட்டேன்.

ஆக நிலைமை: ரொறன்ரோவில் ஒரு பச்சைப் பிள்ளைக்கு ராகமை கோழிக்கடைக்காரரின் பெயர். 22க்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மார்ச் 11, செவ்வாய்

சு.அ.வுக்குச் சொல்ல மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் மணி அடிக்க முன் வைத்தேன்.

பதிவாளர் கந்தோரிலிருந்து தகவல்: தில்லைநாத முதலியார் மகன் செல்லையா என்று பதிவு இல்லை. எப்படி இருக்கும்.

நேரே போனேன். அதே பிள்ளை. “அங்கிள், தகப்பன்ட பேர் நிச்சயமோ?”

“நிச்சயமாய்ப் பிழை.”

“அப்ப அந்த இடத்தை வெறுமையா விடுங்கோ. பிள்ளையின்ட பேர், பிறந்த திகதி, கொட்டாஞ்சேனை. அவ்வளவு காணும். நாங்க தேடுவம்.”

வெறுமையாக விட்டேன். வாழ்க்கையில் முதல் தரம் ஒரு வெள்ளை இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

பயம் போய் இப்போது வேறொன்று. முதலியார் இல்லை என்றால் யார்? அப்பப்பா வானத்திலிருந்து விழவில்லை. க. யார்? கணபதி? கதிரவேலு? கனகர்? பாமன்கடைப் பக்கம் நடந்து போகிற வழியெல்லாம் க. வரிசை. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல, இளநீர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. கந்தோர் இல்லை, இறைச்சி இல்லை, தட்டிக்கழிக்கச் சாட்டு இல்லை.

வ. புட்டு அவித்துக்கொண்டே: “சொல்லப் போறியளோ, இல்லையோ?”

“பதில் வரட்டும். ஒண்டை எடுக்கிறதெண்டால் இன்னொண்டைக் குடுக்கவேணும்.”

“பதில் வராட்டில்?”

“வராட்டில் தில்லைநாதனும் நல்ல பேர்தானே. கோவில் பேர்.”

அவள் புட்டுக் குழலைத் தட்டினாள், தேவைக்கு மேலாக. “அந்தப் பெட்டை உங்களிட்டத்தான் கேட்டவள், நல்ல ஆளோ எண்டு. நீங்கள் விரல் காட்டினனீங்கள்.”

பின்னேரம் இடி, பத்து நிமிட மழை. பல்கனி உடுப்பு எல்லாம் நனைந்தது. அதற்கும் நான்தான் காரணம்.

மார்ச் 18, செவ்வாய்

கிடைத்தது.

அந்தப் பிள்ளை பழைய பதிவின் பிரதியைக் கவுண்டருக்கு மேலால் தள்ளி, விரலால் ஒவ்வொரு கட்டமாகக் காட்டினாள். ஆங்கிலத்தில், பதிவாளரின் சாய்ந்த எழுத்து.

பிள்ளையின் பெயர்: செல்லையா.
பிறந்த இடம்: கொட்டாஞ்சேனை.
தகப்பன் பெயர்: கந்தன். (கந்தப்பர் இல்லை, கந்தையா இல்லை. கந்தன்.)
தொழில்: சுருட்டுக் கடைச் சிப்பந்தி.
தகவல் தந்தவர்: தகப்பன்.
ஒப்பம்: 

ஒப்பம் இல்லை. ஒரு பெருக்கல் அடையாளம். பக்கத்தில் பதிவாளர், “அவருடைய அடையாளம்” என்று எழுதியிருக்கிறார்.

ஒரு கோடு நீளம், ஒரு கோடு கட்டை. கட்டைக் கோட்டின் முடிவில் மை ஊறிப் பரவி ஒரு பொட்டு. பேனாவை எடுக்க மறந்து நின்றிருக்கிறார். பழக்கமில்லாத கை.

மும்மொழிப் புலமை. துரை எழும்பி நிற்பார். காற்றும் கைகட்டி நிற்கும்.

“அங்கிள், தண்ணி வேணுமோ?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கண்ணாடியில் ஏதோ தூசி.

நேரே கொட்டாஞ்சேனைக்கு. பதிவில் வீதிப் பெயர் மட்டும், இலக்கம் இல்லை. ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நடந்தேன். ஃபோன் உறைக் கடை, இரும்புக் கடை, கொத்துரொட்டிக் கடை. சுருட்டு ஒன்றும் இல்லை. இதில் எங்கோ ஒரு கடையில் பகல் முழுக்கச் சுருட்டுக் கட்டி அடுக்கிவிட்டு, பிள்ளை பிறந்ததென்று மேல் கழுவி, சால்வை போட்டு, பதிவாளருக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். எழுதத் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னார்? சிரித்துக்கொண்டா? அதைத்தான் தெரிய ஆசை. அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

இரும்புக் கடை முதலாளி: “மொகக்த ஓனே மாத்தயா?”

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு பூட்டு வாங்கினேன்.

மார்ச் 19, புதன்

சொன்னேன். காலை ஆறு மணிக்கு, வ. பக்கத்தில் காவல்.

ஸ்டூல், அரைப் பக்கம், மெஷின், கோழிக்கடை, எல்லாம். சு.அ. இடையில் ஒரு சொல் கதைக்கவில்லை. அது இதுவரை நடந்ததில்லை. லைன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன்.

பிறகு: “நீ என்ன சொல்லுறாய் எண்டு உனக்கு விளங்குதோ?”

“விளங்குது அக்கா.”

“விளங்கேல்லை. இஞ்ச இவற்ற தாய், என்ர மாமி, என்னைக் காணுற நேரமெல்லாம், உங்கட ஆக்கள் ஆர், உங்கட ஆக்கள் ஆர் எண்டு கேட்டுக்கொண்டிருந்த மனிசி. நீ அனுப்பின கல்வெட்டைத்தான் மேசையில வைச்சனான். அதுக்குப் பிறகு ஒரு நாள் கேக்கேல்லை. சாகிற வரைக்கும் கேக்கேல்லை. அந்த அரைப் பக்கத்தில நிண்டுதான் நான் இந்த வீட்டில நிமிர்ந்தனான்.”

பகிடி ஒன்று வந்தது, விழுங்கினேன்.

“நாளையிண்டைக்குக் கேக் வருது. அதில பேர் கிடக்கு.”

“ஓம் அக்கா.”

“எத்தனை பேருக்கு இப்பிடி எழுதினனீ?”

“பாட்டன் பூட்டன் வைச்சது எங்கட வீட்டுக்கு மட்டும்தான்.”

“பெரிய உபகாரம்.” வைத்துவிட்டார்.

பதிவின் பிரதியை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பார்த்துவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

பதில் இல்லை. காஸ் முடிந்தது. சிலிண்டர் வாங்க மறந்தவன் யார் என்பதில் சந்தேகம் இல்லை. கடையில் இடியப்பம்.

மார்ச் 21, வெள்ளி

புத்தகம் எழுதிய அதிபருக்கு நேற்று எல்லாம் விளக்கி எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது, பதினைந்து வரி, பிழையில்லாத தமிழ். சாரம்: முதலியாருக்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது. அவர் இல்லை என்பதற்குத் தங்களிடம் என்ன ஆதாரம்? மேலும் அடுத்த பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. மேலும் முதலியாரின் படம் தங்களிடம் இருந்தால் அனுப்பவும்.

வ. சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

இரவுச் சாப்பாட்டு நேரம் சு.அ.விடமிருந்து குரல், ஒன்பது வினாடி: “அந்தப் பேப்பரைத் திருப்பி அனுப்பு. கீழ வெட்டுப்பட்டுப் போச்சு. அந்தக் குறி முழுக்க வரவேணும்.”

அனுப்பினேன். ஏனென்று கேட்கத் துணிவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அங்கே நேற்று. இங்கே விடிய வீடியோ, படங்கள்.

சு.அ. பச்சைச் சேலை, நிமிர்ந்துதான் நிற்கிறார். கேக்கில் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை கிரீம் தடித்த பூச்சு, உள்ளே தில்லைநாதன் புதைந்திருக்க வேண்டும். ஐயர் தட்டில் அரிசி பரப்புகிறார். தர்ஷி குனிந்து பிள்ளையின் காதில் மூன்று தரம் சொல்லுகிறாள். சத்தம் விளங்கவில்லை, வாய் விளங்குகிறது. பிள்ளை நித்திரை. திரும்பிப் பார்க்கவில்லை.

வீடியோவில் யாரோ கிழவர்: “அப்ப அந்த முதலியார் பேர் என்னாச்சு?”

சு.அ., கமராவைப் பார்க்காமல்: “அது வேற ஆற்றையோ முதலியார். எங்கடை ஆள் சுருட்டுக் கடையில நிண்டவர். கடதாசி கிடக்கு, காட்டவோ?”

பிறகு தர்ஷி தனியாக எனக்கு அனுப்பிய படம், வந்தவர்களுக்குக் கொடுத்த அட்டை. மேலே “கதிர்.” நடுவில் கந்தனின் அந்தப் பெருக்கல் அடையாளம், மை ஊறின பொட்டோடு முழுசாக. அதற்குக் கீழே பிள்ளை பிறந்த அன்று ஆசுபத்திரியில் மை தடவி எடுத்த பாத அச்சு. “கந்தன் வழி, ஆறாம் தலைமுறை.” வேறு ஒரு வரி கிடையாது. மிச்சம் எல்லாம் வெள்ளை, அரைப் பக்கத்துக்கு மேல்.

அடியில் தர்ஷி: “மாமா, ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்களிட்டக் கேப்பம் எண்டனான். அம்மா வேண்டாம் எண்டிட்டா.”

எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரியாத இரண்டு பேர், ஒரே அட்டையில். எழுதத் தெரிந்தவனைக் கூப்பிடவில்லை. நல்ல காரியம்.